வீட்டுப் பணம் இல்லாமல் வெளிநாட்டில் பட்டப்படிப்பு: ரங்கூன் பிள்ளைகளுக்கு முழு வழிகாட்டி

பெற்றோரிடம் பணம் இல்லாத பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். பணம் இருந்தும் "போக வேண்டாம்" என்று வீட்டில் கைவிரித்துவிட்ட பிள்ளைகளுக்கும் இது உதவும். நான் முதல் வகை. அப்பா தெய்ன்ஜீ சந்தையில் மூட்டை எடை போட்டவர். உதவித்தொகையில் வெளியே போய்ப் படித்துவிட்டுத் திரும்பினேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்தாறு பிள்ளைகள் காகிதக் கட்டோடு வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களில் மார்க் குறைந்து தோற்றவர்கள் குறைவு. எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்று தெரியாமல் தோற்றவர்கள்தான் அதிகம். அதனால் கீழே இருக்கும் வரிசையை மாற்றாதீர்கள்.

1. பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்

"அக்கா, மொத்தம் எவ்வளவு ஆகும்?" இதுதான் எல்லோருடைய முதல் கேள்வி. மொத்தம் தெரிந்து ஒரு பயனும் இல்லை. உங்களுக்கு வேண்டியது மூன்று தனித்தனிப் பணம்.

கிளம்பும் பணம்: பாஸ்போர்ட், தேர்வுக் கட்டணம், மொழிபெயர்ப்பு, விசா, விமான டிக்கெட். இது முழுக்க உங்கள் கையிலிருந்து, பெரும்பாலும் எந்த உத்தரவாதமும் இல்லாமல் போகும் பணம்.

காட்டும் பணம்: படிக்கவும் பிழைக்கவும் வசதி இருக்கிறது என்று விசா அதிகாரிக்குக் காட்டுவது. செலவாகாவிட்டாலும் இருந்தாக வேண்டும்.

ஓட்டும் பணம்: போன பிறகு மாதாமாதம் கட்டணத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஆவது.

உதவித்தொகை கிடைத்தால் மூன்றாவது தீர்ந்துவிடும், பல சமயம் இரண்டாவதும் தீரும். முதலாவதைப் பெரும்பாலும் யாரும் தர மாட்டார்கள். முழு உதவித்தொகை கிடைத்தும் இந்த முதல் பணம் இல்லாமல் நின்றுபோன இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

கணக்குப் போடும்போது டாலரைச் சந்தை விலையில் போடுங்கள். அரசு விலை 2,100 கியாட் என்றே இருக்கிறது. சந்தையில் அதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகிவிட்டது. அரசு விலையில் கணக்குப் போட்டவர்களுக்குக் கடைசி மாதத்தில் பாதிப் பணம் குறைந்தது.

2. காகிதங்களைச் சேருங்கள்

தேர்வு எழுதவும் பாஸ்போர்ட் வேண்டும், விண்ணப்பிக்கவும் பாஸ்போர்ட் வேண்டும். அதை வாங்க மப்போன்தின் என்ற தேசிய அடையாள அட்டையும் குடும்பப் பட்டியலும் வேண்டும். எனவே ஆரம்பம் இங்கேதான். உதவித்தொகை அறிவிப்பைப் பார்த்த பிறகு பாஸ்போர்ட்டுக்கு ஓடினால் கடைசித் தேதி போய்விடும்.

நம் பிள்ளைகள் அதிகம் சிக்குவது பெயரில். வீட்டில் ஒரு தமிழ்ப் பெயர், பள்ளியில் பர்மியப் பெயர், அட்டையில் அதே பர்மியப் பெயர் வேறு எழுத்துக்கூட்டலில். பாஸ்போர்ட்டில் இருக்கும் ஆங்கில எழுத்துக்கூட்டல்தான் இனி உங்கள் பெயர். தேர்வு, வங்கி, விண்ணப்பம் எல்லாவற்றிலும் அதையே எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். பழைய சான்றிதழில் வேறு பெயர் இருந்தால், இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேட்கும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

இன்னொன்று குடும்பப் பெயர். பர்மாவில் அப்படி ஒன்று கிடையாது, ஆனால் இணையப் படிவம் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்குப் போகாது. ஒரு பெண் ஒரு படிவத்தில் அப்பா பெயரைப் போட்டாள், இன்னொன்றில் தன் பெயரின் கடைசிச் சொல்லைப் போட்டாள். இரண்டும் ஒரே ஆள் என்று நிரூபிக்கவே அவளுக்கு ஒரு மாதம் ஆனது. ஒரு முறையைத் தேர்ந்தெடுத்து நோட்டில் எழுதி வைத்து, எல்லா இடத்திலும் அதையே போடுங்கள்.

வீட்டோடு சண்டை இருக்கிறது என்றால் ஒரு ரகசியம் சொல்கிறேன். குடும்பப் பட்டியலின் அசல் பெரும்பாலும் அப்பாவின் பெட்டியில் இருக்கும். வெளிநாட்டுப் பேச்சை எடுப்பதற்கு முன்பே அதை இரண்டு பக்கமும் கலரில் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு முற்றிய பிறகு பெட்டிச் சாவி கிடைக்காது.

குடும்பப் பட்டியல், பிறப்புச் சான்றிதழ், மார்க் பட்டியல் மூன்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பும் நோட்டரி முத்திரையும் வேண்டும். பன்சொடான் தெருப் பக்கம் இதற்கென்றே ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கேயே நின்று ஒவ்வொரு எழுத்தையும் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் மறுபடி கட்டணம். அசலை மட்டும் யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். "எங்களிடமே இருக்கட்டும்" என்று பாஸ்போர்ட்டை வாங்கி வைக்கும் ஏஜென்டிடமிருந்து அன்றே விலகிவிடுங்கள்.

பெற்றோர் ஆதரவு இல்லை என்பதற்கும் காகிதம் வேண்டும். அப்பா இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ், பிரிந்திருந்தால் வார்டு அலுவலகக் கடிதம், வருமானம் குறைவென்றால் அதற்கும் ஒரு கடிதம். படிவத்தில் 'செலவு யார் ஏற்பார்' என்ற இடத்தில், உதவாத அப்பாவின் பெயரை மரியாதைக்காகப் போடாதீர்கள். போட்டால் அவருடைய வங்கிக் கணக்கைக் கேட்பார்கள்.

3. பள்ளி வருடங்களை எண்ணுங்கள்

பழைய பாடத்திட்டத்தில் பத்தாம் ஸ்டாண்டர்டு முடித்தவர்களுக்குப் பள்ளிக் காலம், பாலர் வகுப்பையும் சேர்த்து, மொத்தம் 11 வருடம். பல நாடுகள் 12 கேட்கும். புதிய பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் கிரேடு முடித்தவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் பலரும் ஜிஇடி எழுதுகிறார்கள். பள்ளி இறுதிப் படிப்புக்கு ஈடான அமெரிக்கத் தேர்வு அது. நான்கு பாடம், ஒவ்வொன்றிலும் 145 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் 165 இலக்கு வையுங்கள். அந்த அளவு எடுத்தால்தான் கல்லூரிக்குத் தயார் என்று கணக்கு. எல்லாப் பல்கலைக்கழகமும் ஜிஇடியை ஏற்காது என்பதையும் மறக்க வேண்டாம். பணம் கட்டுவதற்கு முன் உங்கள் பட்டியலில் உள்ள இடங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். எழுதிய பிறகு கேட்டு அழுதவர்கள் உண்டு.

ஆங்கிலத் தேர்வைக் கடைசியாக எழுதுங்கள். ஐஇஎல்டிஎஸ், டுவோலிங்கோ இரண்டின் மதிப்பெண்ணும் 2 வருடம்தான் செல்லும். சீக்கிரம் எழுதிவிட்டு, பாஸ்போர்ட்டுக்கும் ஜிஇடிக்கும் அலைந்து முடிப்பதற்குள் காலாவதியானால் இரண்டாம் முறை கட்டணம். வீட்டிலிருந்து எழுதும் தேர்வு என்றால் கரண்டு வரும் நேரத்தைப் பார்த்து உட்காருங்கள், அல்லது ஜெனரேட்டர் உள்ள இடத்துக்குப் போங்கள். பாதியில் இணைப்பு போனால் அந்த முயற்சி வீண்.

4. நாட்டை விசா விதியை வைத்துத் தேர்ந்தெடுங்கள்

கூட்டாளி எங்கே போனான் என்று பார்க்காதீர்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டு கேள்வி: காட்டும் பணம் எவ்வளவு, படிக்கும்போது வேலை செய்யலாமா? நம் பிள்ளைகள் அதிகம் கேட்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

இந்தியா: ஐசிசிஆர் என்ற இந்திய அரசு அமைப்பின் உதவித்தொகை கட்டணத்தோடு மாதத் தொகையும் தருகிறது. விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. மியன்மார் உள்ளிட்ட நாடுகளுக்கு மீகாங்-கங்கை ஒத்துழைப்பு என்ற நாடுகள் கூட்டின் கீழ் தனி இடங்களும் உண்டு. இந்திய வம்சாவளிப் பிள்ளைகளுக்கு எஸ்பிடிசி என்ற இன்னொரு திட்டம் இருக்கிறது. அது வருடத்துக்கு அதிகபட்சம் 4,000 டாலர் வரை தரும், முழுச் செலவையும் ஏற்காது. தாத்தா தஞ்சாவூரிலிருந்து வந்தார் என்று வாயால் சொன்னால் போதாது, வம்சாவளிக்குக் காகிதம் வேண்டும். பழைய கப்பல் டிக்கெட், தாத்தாவின் பதிவுச் சீட்டு எதுவாக இருந்தாலும் தேடி எடுத்து வையுங்கள். முக்கியமாக, இந்திய மாணவர் விசாவில் சம்பள வேலைக்குப் போக முடியாது. மாதத் தொகைதான் எல்லாம்.

ஜப்பான்: மெக்ஸ்ட் என்ற அரசு உதவித்தொகை இளநிலைக்கு மாதம் 1,17,000 யென், கட்டணம், விமான டிக்கெட் எல்லாம் தருகிறது. ரங்கூனிலுள்ள தூதரகம் வழியாக விண்ணப்பிக்கலாம். கிளம்பும் பணத்தையும் கிட்டத்தட்டத் தீர்க்கிற அபூர்வமான திட்டம் இது. போட்டி கடுமை, எழுத்துத் தேர்வும் உண்டு.

உதவித்தொகை இல்லாமல் "அங்கே போய் வேலை செய்து கட்டிக்கொள்ளலாம்" என்று ஏஜென்ட் சொல்வார். கணக்கைப் பாருங்கள். வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 28 மணி நேரம்தான் வேலை செய்யலாம். டோக்கியோவில் 2024 அக்டோபரில் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 1,163 யென்னாக இருந்தது. அந்த ஊதியத்தில் மாதம் 112 மணி என்றால் சுமார் 1,30,000 யென். அரசுப் பல்கலைக்கழகத்தின் வழக்கமான கட்டணம் வருடத்துக்கு 5,35,800 யென், மாதத்துக்குச் சுமார் 44,650. மீதி 85,000 சொச்சத்தில் வாடகை, சாப்பாடு, ரயில், காப்பீடு. இது எல்லாம் சரியாக நடந்தால். இதற்கு முன் மொழிப்பள்ளிக் கட்டணமும், 2,82,000 யென் சேர்க்கைக் கட்டணமும் இருக்கிறது. மணி நேரத்தை மீறி வேலை செய்தால் விசா நீட்டிப்பில் சிக்கல் வரும். கட்டண விலக்கு தரும் பல்கலைக்கழகமாகப் பார்த்துப் போனால்தான் இந்தக் கணக்கு நிற்கும்.

சிங்கப்பூர்: அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் கட்டண மானியம் உண்டு. பதிலுக்கு, படித்து முடித்து 3 வருடம் அங்கே வேலை செய்ய வேண்டும். எனக்கு இது தண்டனையாகத் தெரியவில்லை. மானியம் போக மீதிக் கட்டணத்தில் ஒரு பகுதிக்குக் கடன் கிடைக்கும், படிக்கும் காலத்தில் வட்டி இல்லை. ஆனால் ஜாமீன் போட ஒருவர் வேண்டும். ஜாமீன் என்றால் கையெழுத்து மட்டுமில்லை, நீங்கள் கட்டாவிட்டால் அவர் கட்ட வேண்டும். இதை மறைத்துச் சித்தப்பாவிடம் கையெழுத்து வாங்காதீர்கள். சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் இந்தக் கடன் வராது. ஆசியான் நாட்டு மாணவர்களுக்கான உதவித்தொகையையும் சேர்த்தே கேளுங்கள்.

ஜெர்மனி: பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லை என்பது உண்மை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ. கட்டணம் இல்லை என்றதும் துள்ளிக் குதிப்பவர்கள் காட்டும் பணத்தில் விழுந்துவிடுகிறார்கள். முடக்கப்பட்ட கணக்கில் 11,904 யூரோ போட வேண்டும், அங்கே போன பிறகு மாதம் 992 யூரோவாக வெளியே வரும். நம் பணத்தில் 500 லட்சம் கியாட்டுக்கும் மேல். வாழ்க்கைச் செலவையும் ஏற்கும் உதவித்தொகைக் கடிதம் இருந்தால் அந்தக் கணக்கு தேவைப்படாது. முதுநிலைக்குப் போகிறவர்கள் ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் உதவித்தொகைத் திட்டத்தையும் பாருங்கள். கட்டணம் போக மாதம் 1,400 யூரோ.

தாய்லாந்து பக்கத்திலேயே இருக்கிறது, டிக்கெட் மலிவு. ஆனால் படிப்பு விசாவில் வேலை செய்ய முடியாது, பல உதவித்தொகைகள் பாதிக் கட்டணம்தான். மீதிப் பாதிக்கு வழி தெரியாமல் போக வேண்டாம். அமெரிக்கா 2025 ஜூனில் மியன்மார் குடிமக்களுக்கான மாணவர் விசாவையும் நிறுத்தி உத்தரவு போட்டது. தூதரகத்தில் கேட்காமல் அந்தப் பக்கம் பணம் கட்டாதீர்கள்.

5. விண்ணப்பத்தைப் பின்னாலிருந்து முன்னால் திட்டமிடுங்கள்

கடைசித் தேதியை எழுதி, அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பரிந்துரைக் கடிதத்துக்கு 2 மாதம் ஒதுக்குங்கள். நம் ஆசிரியர்களில் பலர் ஊர் மாறிப் போய்விட்டார்கள், தேடிப் பிடிக்கவே நாளாகும். பல இணையதளங்கள் பள்ளியின் பெயரில் உள்ள மின்னஞ்சல் கேட்கும். நம் ஆசிரியர்களிடம் இருப்பது வைபர் என்ற செய்திச் செயலிதான். அப்போது பள்ளித் தாளில் முத்திரையோடு கடிதம் வாங்கி, ஏன் அந்த மின்னஞ்சல் இல்லை என்று ஒரு வரி விளக்கம் சேர்த்து அனுப்புங்கள். எனக்கும் என்னிடம் வந்த பிள்ளைகள் மூன்று பேருக்கும் அது போதுமானதாக இருந்தது.

கட்டுரையில் வறுமையை மட்டும் எழுதாதீர்கள். படிக்கிறவர் அன்று நூறு வறுமையைப் படித்திருப்பார். அந்த வறுமையில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். ஒரு பையன் தன் தம்பி தங்கைகளுக்கு மெழுகுவர்த்தியில் பாடம் சொன்னதாக எழுதி வந்தான். நான் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான், கரண்டு வரும் நேரத்தை எழுதி வைத்துத் தெருவுக்கே ஒரு அட்டவணை போட்டவன் அவன் என்று தெரிந்தது. மெழுகுவர்த்தியை எடுத்துவிட்டு அட்டவணையை எழுதச் சொன்னேன்.

கட்டணம் கேட்காத திட்டங்களுக்கு முதலில் அனுப்புங்கள். ஜெர்மன் பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் என்ற அமைப்பு முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்தவற்றுக்கு 30 யூரோ வாங்கும். டாலர் கார்டு இல்லாதவர்கள் வெளிநாட்டில் உள்ள உறவினரைக் கட்டச் சொல்லலாம். கடைசி நாள் இரவு அவர் தூங்கிக்கொண்டிருப்பார், அதனால் ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள்.

6. காட்டும் பணத்தில் பொய் வேண்டாம்

ஒரு வாரத்துக்கு யாரிடமாவது வாங்கி வங்கியில் போட்டுக் காட்டித் திருப்பிக் கொடுப்பது நம் ஊரில் சகஜம். அதற்கென்றே வட்டிக்குக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். விசா அதிகாரி கடைசி இருப்பை மட்டும் பார்ப்பதில்லை, பல மாத வரவு செலவையும் கேட்கலாம். திடீரென்று வந்த பெரிய தொகைக்குக் காரணம் கேட்டால் என்ன சொல்வீர்கள்? போலி வங்கிக் கடிதம் பிடிபட்டால் அந்த நாடு உங்களுக்கு வருடக்கணக்கில் மூடிவிடும்.

உண்மையான வழிகள் மூன்றுதான். உதவித்தொகைக் கடிதம், கடன் ஒப்புதல் கடிதம், உறவினர் ஒருவரின் எழுத்துப்பூர்வமான பொறுப்பேற்பு. மூன்றாவதில் அந்த உறவினரின் சம்பளச் சீட்டு, உங்களுக்கும் அவருக்கும் உள்ள உறவைக் காட்டும் காகிதம் இரண்டும் கூட வர வேண்டும். மாமா என்றால் அம்மாவும் அவரும் ஒரே வீட்டில் பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டியிருக்கும். பழைய குடும்பப் பட்டியல் மறுபடி கைகொடுப்பது இங்கேதான்.

7. கிளம்பும் பணத்தைச் சேர்ப்பது

நான் ஒரு நீள நோட்டு வைத்திருந்தேன். இடது பக்கம் செலவு, நடுவில் தேதி, வலது பக்கம் யாரிடமிருந்து. வலது பக்கம் காலியாக இருந்த வரிக்குப் பணம் கட்டமாட்டேன். டியூஷன் எடுத்தேன், கடையில் பில் எழுதினேன், இரண்டு அத்தைகளிடம் சிறு சிறு தொகை வாங்கினேன். ஒரே ஆளிடம் பெரிய தொகை வாங்காதீர்கள். அவர் மனம் மாறினால் மொத்தமும் போகும்.

சீட்டுப் பிடிக்கிறவர்கள் கவனியுங்கள். என்னிடம் வந்த ஒருத்தி, விசா வந்துவிடும் என்ற நம்பிக்கையில் இரண்டாம் மாதமே கழிவு போகச் சீட்டை எடுத்துவிட்டாள். விசா ஐந்து மாதம் இழுத்தது. எடுத்த பணம் அன்றாடச் செலவில் கரைந்தது, மாதத் தவணை மட்டும் நிற்கவில்லை. விசா கைக்கு வந்த பிறகு எடுக்கிற மாதிரி சீட்டைச் சேருங்கள்.

டிக்கெட் கடைசி. கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் 2024 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. ஆண்களுக்கு 18 முதல் 35, பெண்களுக்கு 18 முதல் 27 வயது. அதற்குப் பிறகு நாட்டை விட்டு வெளியேறும் விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. தேதி மாற்றக்கூடிய டிக்கெட் கொஞ்சம் விலை கூடுதலானாலும் அதையே வாங்குங்கள். கட்டணம் அனுப்ப வேண்டியிருந்தால், சேர்க்கைக் கடிதத்தோடு வங்கியில் முதலில் விசாரியுங்கள், அனுமதிக்கு நாளாகும். வங்கிக்கு வெளியே, உண்டியல்காரர் வழியாக அனுப்பினால் ரசீது இருக்காது, பல்கலைக்கழகத்துக்கு யார் பணம் என்று தெரியாது, சட்டமும் ஒத்துக்கொள்ளாது.

8. போய் இறங்கிய முதல் 90 நாள்

உதவித்தொகை இறங்கிய அன்றே கைக்கு வராது. வங்கிக் கணக்கு தொடங்க முகவரிச் சான்று, முகவரிக்கு விடுதிக் கடிதம், அந்தக் கடிதத்துக்குச் சேர்க்கை முடிந்திருக்க வேண்டும் என்று ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும். எனக்கு முதல் தொகை மூன்றாம் மாதம்தான் வந்தது. அதற்குள் விடுதி முன்பணம் கட்டச் சொன்னார்கள். என் கையில் 60 டாலர். மெஸ் அண்ணனிடம் போய் உதவித்தொகைக் கடிதத்தைக் காட்டினேன். அவர் அதைப் படிக்கக்கூட இல்லை. "சாப்பிடும்மா, நோட்டுல எழுதிக்கிறேன்" என்றார். எல்லா ஊரிலும் அப்படி ஒரு அண்ணன் இருக்க மாட்டார். மூன்று மாதச் சாப்பாட்டுக்கும் தங்குவதற்குமான பணத்தைக் கிளம்பும் பணத்தில் சேர்த்தே எழுதுங்கள்.

இந்தியா போகிறவர்கள், 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால் 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு செய்ய வேண்டும். விடுதியிடம் முதல் நாளே அதற்கான காகிதத்தைக் கேளுங்கள். வேலை அனுமதி உள்ள நாடுகளில் முதல் செமஸ்டர் முடியும்வரை வேலையைக் குறைவாகவே எடுங்கள். மார்க் இறங்கினால் நிறுத்தப்படும் உதவித்தொகைகள் நிறைய. கடையில் கிடைக்கும் சம்பளம் அதற்கு ஈடாகாது.

முதல் தொகை வந்ததும் முதலில் மெஸ் பாக்கி, அப்புறம் அத்தைகளின் கடனில் ஒரு பகுதி. அந்த நோட்டை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். இரண்டாம் வருட விசா நீட்டிப்பில், பணம் எங்கிருந்து வந்தது என்று மறுபடியும் கேட்பார்கள்.